ஒட்டகச்சிவிங்கிக்கும் தெரிந்த ரயில்வே

நீல நிறச் சரக்குப் பெட்டி ஒன்று. அதன் கூரையில் ஒரு திறப்பு. அதன் வழியே மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு கம்பம், அதன் நீட்டிய கையிலிருந்து குஞ்சம் போலத் தொங்கும் இழைகள். பெட்டி கம்பத்தை நெருங்கியதும் ஒட்டகச்சிவிங்கி சடக்கென்று தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடந்ததும் மறுபடி எட்டிப் பார்க்கிறது. சுற்றுக்கு ஒரு முறை இதே வேலை. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த இந்தப் பெட்டியின் எண் 3376; பக்கவாட்டில் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையின் பெயர். தலை குனிவதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. தண்டவாளத்தோடு பொருத்திய ஒரு தகடு, பெட்டிக்கு அடியில் இருக்கும் நெம்புகோலைத் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான்.

ரயில் மாதிரிகளைத் தீவிரமாக எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஒட்டகச்சிவிங்கியைக் கண்டால் ஆகாது. ஒரு எஞ்சினின் பாய்லரில் எத்தனை ஆணி, எந்த ஆண்டு எந்தப் பச்சை பூசினார்கள் என்றெல்லாம் கணக்குப் பார்ப்பவர்கள் அவர்கள். குழந்தை விளையாட்டுக்காகக் கலையைக் கெடுத்துவிட்டான் என்பார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. காரணம், அந்தக் கம்பம்.

காற்றழுத்த பிரேக் பரவலாக வருவதற்கு முன்னால் அமெரிக்கச் சரக்கு ரயில்களில் பிரேக்மேன் என்றொரு தொழிலாளி இருந்தார். ஓடும் ரயிலின் கூரைமேல் பெட்டிக்குப் பெட்டி தாவி, ஒவ்வொன்றிலும் இருக்கும் கைச்சக்கரத்தைத் திருகி வேகத்தைக் குறைப்பது அவர் வேலை. இருட்டில், மழையில், பனியில். எதிரே தாழ்வான பாலமோ குகையோ வந்தால் தலை போய்விடும். அதற்காகப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்பே தண்டவாளத்தின் குறுக்கே கயிறுகளை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். கயிறு முகத்தில் பட்டதும் ஆள் குப்புறப் படுத்துக்கொள்வார். லயனல்காரர்கள் ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் நட்டுவைத்தது அந்த எச்சரிக்கைக் கம்பத்தைத்தான். ரயில்வே தெரியாதவனுக்கு இந்த வேடிக்கை தோன்றியே இருக்காது. பிரேக்மேனின் உயிர்காத்த ஏற்பாட்டை ஒட்டகச்சிவிங்கிக்கும் நீட்டித்த குறும்பு அது.

மாதிரி ரயில் செய்யும் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் உள்ள இழுபறி இதில்தான் தொடங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி வாங்கிப்போகும் அப்பா அம்மாக்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு ஏதாவது நகர வேண்டும், சத்தம் போட வேண்டும், கடை வாசலில் நிற்கும் பிள்ளையின் கண்ணை இழுக்க வேண்டும். மறுபக்கம், ஆண்டுக்கு ஆண்டு கேட்லாக்கைக் கரைத்துக் குடிக்கும் ரயில் பிரியர்கள். முதல் கூட்டம் பெரியது, ஆனால் ஒரு முறை வாங்கிவிட்டுப் போய்விடும். இரண்டாவது கூட்டம் சிறியது, சாகும்வரை வாங்கும், சாகும்வரை குறையும் சொல்லும். இருவரையும் வைத்துக் குடும்பம் நடத்திய கம்பெனிகளில் லயனலின் கதையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அதன் பிறப்பே ஒரு வேடிக்கைப் பொருளில்தான். ஜோஷுவா லயனல் கோவன் 1900இல் நியூயார்க்கில் கம்பெனி தொடங்கினார். முதலில் செய்தது மேல்மூடி இல்லாத ஒரு மரவண்டி. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வட்டமாக ஓடி, கடைச்சரக்கைச் சுமந்து காட்டும் விளம்பரச் சாதனம். வாடிக்கையாளர்கள் அதில் இருந்த சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலை கேட்டார்கள். ரயில் பிரியர்களின் கோயிலாக இன்று கருதப்படும் கம்பெனியின் மூலவர் இந்த விளம்பர வண்டிதான் என்பதைத் தூய்மைவாதிகள் மறந்துவிடுகிறார்கள்.

1930களின் பெருமந்தத்தில் லயனல் திவாலின் விளிம்புக்குப் போய், 1934இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்கு வந்தது. அந்த ஆண்டு அவர்கள் விற்ற பண்டம் ஒரு டாலர் விலையில் ஒரு சாவிப் பொம்மை. தண்டவாளப் பணியாளர்கள் கையால் நெம்பி ஓட்டும் ட்ராலியின் இரு முனைகளிலும் மிக்கி மவுஸும் மின்னி மவுஸும் நின்று மாறி மாறிக் குனிந்து நிமிர்வார்கள். அதனுடன் ஒரு வட்டத் தண்டவாளமும் உண்டு. ஏறத்தாழ இரண்டரை லட்சம் விற்றது. மிக்கி மவுஸ் ஒரு கம்பெனியைக் காப்பாற்றிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கதையில் கொஞ்சம் மிகை உண்டு. அதே ஆண்டு யூனியன் பசிபிக் ரயில்வே ஓடவிட்ட எம்-10000 என்ற புதுவகை ரயிலின் மாதிரியையும் லயனல் உடனே செய்து விற்றது. கல்லாவை நிரப்பியதில் அதற்கும் பங்கு இருந்தது. என்றாலும் அந்த ட்ராலியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மிக்கி, மின்னி இருவருக்கும் கால்கள் ரப்பர். நெம்புகோல் மேலும் கீழும் போகும்போது கால்கள் வளைந்து கொடுக்கும், முதுகு குனியும். உழைக்கிறவனின் உடல் எப்படி அசையும் என்று யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1937இல், அதே கம்பெனி 700இ என்ற எஞ்சினை வெளியிட்டது. நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் ஹட்சன் வகை நீராவி எஞ்சின், எண் 5344. ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில், அதாவது 48இல் ஒரு பங்கு அளவில், அசலை அணு அணுவாகப் பின்பற்றிய வார்ப்பு. விலை 75 டாலர். எழுபத்தைந்து மிக்கி ட்ராலிகளின் விலை! மந்தம் முழுதும் விலகாத நாட்டில் இதை யார் வாங்குவார் என்று இன்றும் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் ரயில் பிரியர்கள் கேட்டது இதைத்தான். வீட்டுத் தரையில் போடும் சாதாரண வளைவுத் தண்டவாளத்தில் இது திரும்பாது. 72 அங்குல விட்டமுள்ள அகன்ற வட்டம் வேண்டும். சக்கர விளிம்புகள்கூட அசலின் மெலிவுக்கு இறக்கப்பட்டிருந்தன. பழைய தகரத் தண்டவாளம் வைத்திருப்பவர்களின் முணுமுணுப்பைக் கேட்டு, தடித்த விளிம்புச் சக்கரத்தோடு இன்னொரு வடிவம். விவரங்களைக் குறைத்து, விலையையும் குறைத்து 763இ என்று ஒரு தம்பி. சக்கர விளிம்பின் மெலிவுவரை இறங்கி வந்து வாடிக்கையாளரோடு பேரம் பேசிய பொம்மைக் கம்பெனியை வேறெங்கே பார்ப்பது?

700இயின் அழகு அதன் கருப்பில் இருக்கிறது. வெள்ளிக் கோடு, பித்தளைப் பட்டை, வண்ணப் பூச்சு என்று 1920களில் லயனலே கொட்டிவைத்த பகட்டு எதுவும் இல்லை. சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் மட்டும் ஒளிர்கின்றன. பாய்லரின் மேல் ஓடும் குழாய்கள் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டுமோ அங்கே முடிகின்றன. அலமாரியில் நிறுத்திவைக்க ஒரு பலகையும் கம்பெனியே விற்றது. அதாவது, ஓட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பவன் ஒருவன் இருக்கிறான் என்று அன்றைக்கே கண்டுகொண்டார்கள்.

ஆனாலும் லயனலின் உச்சம் எது என்று கேட்டால் நான் ஹட்சனைச் சொல்ல மாட்டேன். பால் வண்டியைச் சொல்வேன்.

1947இல் வந்த 3462 என்ற எண்ணுள்ள பெட்டி. கம்பெனிக்கு வெளியே இருந்த ரிச்சர்ட் ஸ்மித் என்பவரின் கண்டுபிடிப்பு. அவருக்கு ராயல்டி கொடுத்து லயனல் தயாரித்தது. வெளிறிய மஞ்சளில் குளிர்பதனப் பெட்டி. கூரையில் சின்ன மூடி. அதைத் திறந்து விரல்நுனி அளவுள்ள பால் கேன்களை உள்ளே போட வேண்டும். ரயிலை மேடை அருகே நிறுத்தி பொத்தானை அழுத்தினால், ‘டக்’ என்று கதவு விரிகிறது. உள்ளிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருவன் பாய்ந்து வந்து ஒரு கேனை மேடைமேல் தள்ளிவிட்டு, வந்த வேகத்தில் மறைகிறான். கதவு சாத்திக்கொள்கிறது. மறுபடி அழுத்தினால் அடுத்த கேன். கேனின் அடியில் காந்தம் இருப்பதால் இரும்பு மேடையில் விழாமல் நிற்கும்.

இதில் எத்தனை விஷயம் ஒன்றாகச் சேர்கிறது பாருங்கள். கம்பிச்சுருள் ஒன்று மின்சாரம் பாய்ந்ததும் இரும்புத் துண்டை இழுக்கும் என்ற பள்ளிக்கூட அறிவியல். கேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்து, மனிதனின் கைக்கு நேராக ஒன்று மட்டும் வந்து நிற்கும்படி வளைத்த பாதை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மனிதனின் அவசரம். பால் கெட்டுவிடும், ரயில் கிளம்பிவிடும் என்ற பதற்றம் அவனிடம் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் பண்ணைப் பாலை விடியற்காலையில் நகரங்களுக்குச் சேர்த்த ரயில்கள் உண்மையில் இருந்தன. கேன்களை மேடையில் இறக்குவது அன்றாட வேலை. அந்த வேலையைத்தான் பொம்மை செய்கிறது. ஆளின் அளவு பெட்டிக்குப் பொருந்தவில்லை, கேன் பெரிது, மேடை சிறிது என்று அளவுகோல்காரர்கள் சொல்வது எல்லாம் சரி. இருந்தும், அளவுக்குச் சரியாகச் செய்த பத்துப் பெட்டிகள் சொல்லாத ரயில்வேயை இந்த ஒரு பெட்டி சொல்லிவிடுகிறது. கடைகளால் கேட்ட அளவுக்குக் கொடுக்க முடியாமல் போன பண்டம் இது. இரண்டு ஆண்டு கழித்து மாடுகள் தாமே நடந்து ஏறி இறங்கும் பெட்டி வந்தது. அடித்தகடு அதிர்ந்து மாடுகளை நகர்த்தும். மாடுகள் நடப்பதைவிட வழியில் முட்டிக்கொண்டு நிற்பதே அதிகம். நிஜ மாடுகளும் அப்படித்தான் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

லயனலின் உருவாக்கப் பிரிவில் இருந்த ஃபிராங்க் பெட்டிட் இத்தகைய அசையும் சாதனங்கள் பலவற்றைக் கொடுத்தவர். நிலக்கரி ஏற்றும் கோபுரம், மரக்கட்டை ஏற்றும் மேடை, பீப்பாய் ஏறும் சரிவு என்று நிலையத்தைச் சுற்றிய உழைப்பு முழுவதும் பொம்மையாகி வந்த காலம் அது. 1935இலேயே எஞ்சினின் பின்பெட்டிக்குள் ஒரு விசிறியை வைத்து, காற்றை ஊதி நிஜ விசில் எழுப்பிவிட்டார்கள். ரயில் ஓடுவது மாறுதிசை மின்சாரத்தில். விசில் பொத்தானை அழுத்தினால் அதன்மேல் கொஞ்சம் நேர்திசை மின்சாரம் சேரும். பின்பெட்டியிலுள்ள சிறு இணைப்பான் நேர்திசைக்கு மட்டும் கண்விழித்து விசிறியை ஓடவிடும். ஒரே தண்டவாளத்தில் ஓட்டத்துக்கு ஒன்று, கூவலுக்கு ஒன்று. இதில் பிள்ளையும் மகிழ்ந்தான், பொறியாளனான அப்பாவும் மகிழ்ந்தார்.

1948இல் வந்த சாண்டா ஃபே எஃப்3 டீசல் எஞ்சின் இரு கூட்டமும் கைகோத்த இன்னொரு இடம். சிவப்பும் வெள்ளியுமான அந்த முகப்பு அசல் ரயிலிலேயே கண்ணைப் பறிப்பது. பொம்மைக்கென்று எதையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஏறக்குறைய சரியான அளவு, இரண்டு மோட்டார், இழுக்கும் பலம். லயனலின் மிகச் சிறந்த விற்பனைச் சரக்குகளில் ஒன்றாக அது நின்றது.

பிறகு 1957இல் இளஞ்சிவப்பு ரயில் வந்தது. பெண் பிள்ளைகளுக்கு என்று. எஞ்சின் இளஞ்சிவப்பு, பின்னால் வரும் சரக்குப் பெட்டிகள் வெளிர்நீலம், வெண்ணெய் மஞ்சள், ஊதா. அச்சு பழையது, பெட்டிகள் பழையவை, பூச்சு மட்டும் புதிது. கடைகளில் அப்படியே தேங்கியது. விற்காத எஞ்சின்களைக் கடைக்காரர்கள் கருப்படித்து விற்றார்கள் என்றொரு கதைகூட உண்டு. ரயில் கேட்ட பெண் பிள்ளைகள் அண்ணன் தம்பிகள் வைத்திருந்த அதே கருப்பு ரயிலைத்தான் கேட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது சரியாகவே படுகிறது. மிக்கி ட்ராலியிலும் பால் வண்டியிலும் ரயில்வே வேலை ஒன்று உள்ளே இருந்தது. இதில் இருந்தது, பெண்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஓர் அலுவலக அறையில் செய்த ஊகம் மட்டுமே.

அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் ஏவுகணைகள் ரயிலேறின. நிஜ ரயில்வேகள் பயணிகளைக் காருக்கும் விமானத்துக்கும் இழந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் கண் தொலைக்காட்சிக்கும் வானத்துக்கும் போயிருந்தது. லயனல் பதறியது. ராக்கெட் ஏவும் பெட்டி, ஹெலிகாப்டர் பறக்கும் பெட்டி, ஏவுகணை சுமக்கும் ராணுவ எஞ்சின். வெடிக்கும் பெட்டி ஒன்று: ஏவுகணை மோதினால் எலிப்பொறியின் வில்போல உள்ளே இருக்கும் வில் விடுபட்டு, நான்கு பக்கமும் கூரையும் சிதறி விழும், பொறுக்கி எடுத்து மறுபடி கோக்கலாம். இதில் எனக்கு ரகசியமாக ஒரு பிரியம் உண்டு, ஒளிப்பானேன். ஆனால் அதன் விளையாட்டு மோதலோடு முடிந்துவிடுகிறது. ரயில் அங்கே வெறும் குறிப்பலகை. நகராமல் நின்றாலும் அதே விளையாட்டை ஆடலாம். 1959இல் கோவன் தன் பங்குகளை விற்று வெளியேற, கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தியின் வலக்கையாக இருந்த வழக்கறிஞர் ராய் கோன், கோவனின் உறவுக்காரர், கம்பெனியைக் கைப்பற்றினார். சரிவை அவரும் நிறுத்தவில்லை.

ரயில் பிரியர்களையும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். லயனல் தண்டவாளத்தில் மூன்று கம்பிகள். நடுக்கம்பி வழியே மின்சாரம். உலகில் எந்த ரயிலும் அப்படி ஓடாது என்று அவர்கள் ஓயாமல் குறைபட்டார்கள். ரயில் வளைந்து தன் பாதைக்கே எதிர்த்திசையில் திரும்பினாலும் குறுக்குச்சுற்று ஏற்படாது என்பது நடுக்கம்பியின் வசதி. போட்டியாளரான அமெரிக்கன் ஃபிளையர் 1946இலிருந்து இரண்டு கம்பித் தண்டவாளத்தோடு வந்து, நிஜ ரயில் எங்களுடையது என்று மார்தட்டியது. ஒருவழியாக லயனல் 1957இல் சூப்பர் ஓ என்ற தண்டவாளத்தைச் செய்தது. மரச்சட்டங்கள் நெருக்கமாக, கம்பிகள் நிஜ வடிவில், நடுவே இருப்பதே தெரியாத மெல்லிய செப்புத் தகடு. கேட்டதெல்லாம் அதில் இருந்தது. பத்து ஆண்டுகூட நிலைக்கவில்லை. வீட்டில் மலைபோலக் கிடந்த பழைய தண்டவாளத்தைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள், கேட்ட பொருளை வாங்காமலே பாராட்டிவிட்டுப் போனார்கள். விருப்பப் பட்டியல் எழுதுவது வேறு, பணப்பையைத் திறப்பது வேறு என்பதை ஒவ்வொரு தலைமுறைத் தயாரிப்பாளரும் கைச்செலவில் கற்க வேண்டியிருக்கிறது.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த திருப்பம். 1970 வாக்கில் லயனல் பெயரில் ரயில் செய்யும் உரிமை ஜெனரல் மில்ஸ் என்ற உணவுக் கம்பெனியிடம் போனது. பால் வண்டியோடு விளையாடிய பிள்ளைகள் அதற்குள் சம்பாதிக்கும் ஆண்களாகியிருந்தார்கள். பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஆண்டுக்கு இரு முறை கூடும் சேகரிப்பாளர் சந்தையில் அவர்கள் தேடியது எதை? பால் வண்டியை. ஒட்டகச்சிவிங்கியை. யாரும் சீந்தாத அந்த இளஞ்சிவப்பு ரயில் அரிய பொருளாகிவிட்டது. விலை ஏறியது, பிற்காலப் பூச்சு அடித்த போலிகள் வந்தன, கடைசியில் லயனலே அதை மறுபடி செய்து விற்றது. நேற்றைய வேடிக்கைச் சரக்கு இன்றைய விசுவாசியின் கோரிக்கையாக எழுந்து நிற்கிறது. எது பிள்ளைகளுக்கு, எது பிரியர்களுக்கு என்று கம்பெனி கிழித்த கோட்டை முப்பது ஆண்டு காலம் அழித்துவிட்டது.

பாடகர் நீல் யங் இதில் வந்து சேர்ந்தது இன்னொரு வழி. பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட தன் மகன் எளிதாக ரயில் ஓட்டுவதற்கான கட்டுப்பாட்டுக் கருவிகளில் அவர் ஈடுபட்டார். அந்த ஈடுபாடு லயனலின் கையடக்கத் தொலைக்கட்டுப்பாட்டு முறைக்கும் மேம்பட்ட ஒலிகளுக்கும் இட்டுச்சென்றது. 1995இல் கம்பெனியை வாங்கிய குழுவில் அவரும் ஒரு பங்காளி. தண்டவாளம் வழியே வானொலி அலை அனுப்பி ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே கழற்றும் செட் ஒன்றை லயனல் 1946லேயே விற்றுப் பார்த்து, விலை தாளாமல் 1949இல் கைவிட்டிருந்தது. அதே ஆசை அரை நூற்றாண்டு கழித்து நிறைவேறியபோது, அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்கள் பழைய பிரியர்கள்.

இப்போதைய கேட்லாக்கில் இரு கூட்டமும் தனித்தனி அறையில் குடியிருக்கிறார்கள். 2004இல் வந்த ‘போலார் எக்ஸ்பிரஸ்’ படத்தின் ரயில் கிறிஸ்துமஸ் மரத்தடிக்கு. விசிலிலிருந்தும் ஆவி சீறும் ‘பிக் பாய்’ போன்ற ராட்சத எஞ்சின்கள் முன்பதிவு செய்யும் பிரியர்களுக்கு. முன்பதிவு முறையில் ஒரு நேர்மை இருக்கிறது: கேட்டவன் வாங்கியே ஆக வேண்டும். 1959இன் மீன்தொட்டிப் பெட்டி, ஜன்னலுக்குப் பின்னால் படச்சுருள் சுழன்று மீன்கள் நீந்துவதுபோலக் காட்டுவது, இன்னும் புதுப்புது உருவங்களோடு வந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதில் அலுப்பு தட்டிவிட்டது. சுருளில் படத்தை மட்டும் மாற்றி ஆண்டுக்கொரு பெட்டி என்பது இளஞ்சிவப்புப் பூச்சின் தம்பிதான். ரயில்வேயில் இன்றும் பார்க்க வேலை எவ்வளவோ இருக்கிறது: கண்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ராட்சதக் கைகள், தண்டவாளத்தைத் தானே பதித்துக்கொண்டு நகரும் இயந்திரம். பெட்டிட்டின் மேசையில் இன்று உட்காருகிறவர் அவற்றைப் போய்ப் பார்க்கட்டும்.

வாங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. ஹட்சன் 700இ கைக்கு எட்டாது; பால் வண்டி எட்டும். ஏராளமாகச் செய்த பெட்டி என்பதால் பழையது இன்றும் சந்தையில் கிடைக்கிறது. கேன்களும் மேடையும் கூடவே வருகின்றனவா என்று பாருங்கள், அதை இயக்கும் தனித் தண்டவாளத் துண்டும் வேண்டும். லயனலின் பழைய மின்மாற்றிகள் அமெரிக்க வீட்டு மின்சாரமான 110 முதல் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் சொருகிவிடாதீர்கள்.